உருளைக்கிழங்கு மேயர் என்று மட்டும் நினைத்துவிடலாமா? டெட்ராய்ட்டின் ஹேசன் பிங்க்ரீ பற்றி ஒரு விவாதம்

#1 ஏரிக்கரைவாசி

டெட்ராய்ட் நகரின் நடுவில் உட்வர்ட் அவென்யூவை ஒட்டி கிராண்ட் சர்க்கஸ் பூங்கா இருக்கிறது. அங்கே உயர்ந்த கல்பீடத்தின் மேல், நாற்காலியில் உட்கார்ந்த நிலையில், வழுக்கைத் தலையும் தாடியும் கொண்ட ஒரு பருத்த மனிதரின் வெண்கலச் சிலை உண்டு. பல ஆண்டுகள் அதைக் கடந்து போயிருக்கிறேன், பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படித்ததில்லை. போன மாதம்தான் படித்தேன். வலிமை மிகுந்த தனியார் நிறுவனங்களால் வரக்கூடிய பேராபத்தை மக்களுக்கு முதலில் எச்சரித்தவர் இவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 1904இல் நிறுவிய சிலை அது. ஒரு மேயருக்கு இப்படி எழுதுவார்களா என்ற வியப்பில் அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு மாதமாக வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை.

பெயர் ஹேசன் பிங்க்ரீ. 1840 ஆகஸ்ட் 30 அன்று மெயின் மாநிலத்தின் டென்மார்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனார். பிறகு மாசசூசெட்ஸில் ஒரு காலணி ஆலையில் தோல் வெட்டக் கற்றுக்கொண்டார். 1862இல் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தார். 1864 மே மாதம் தெற்குப் படையிடம் சிக்கி, கடைசியில் ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த முகாமைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறத்தாழ 45,000 பேர் அதில் அடைபட்டார்கள். அவர்களில் 13,000 பேர் அளவுக்கு அங்கேயே இறந்தார்கள். கூரை கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. கைதிகளை அங்கிருந்து வேறு முகாமுக்கு மாற்றிய பிறகு, ஒரு நாள் கைதிப் பரிமாற்றத்துக்குப் பெயர் வாசித்தார்கள். வேறொருவரின் பெயர் வாசிக்கப்பட்டபோது பிங்க்ரீ குரல் கொடுத்து முன்னே நடந்தார். அப்படித்தான் உயிரோடு வெளியே வந்தார். வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை, படைக்கே திரும்பினார். தெற்குப் படைத்தலைவர் லீ சரணடைந்தபோது அவருடைய படைப்பிரிவு அப்போமாட்டக்ஸில்தான் இருந்தது.

போர் முடிந்ததும் டெட்ராய்ட்டுக்கு வந்தார். 1866இல் சார்லஸ் ஸ்மித் என்ற கூட்டாளியோடு ஒரு சிறிய காலணிப் பட்டறையை வாங்கினார். இருபது ஆண்டுகளில் அது எழுநூறு பேர் வேலை செய்யும் ஆலையாக வளர்ந்தது. 1889இல் குடியரசுக் கட்சியின் பணக்காரர்கள் கூடி மேயர் வேட்பாளரைத் தேடியபோது, செருப்புத் தைப்பதற்கே நேரம் போதவில்லை, அரசியல் எனக்கு என்ன தெரியும் என்று மறுத்திருக்கிறார். அவர்கள் விடவில்லை. நம்மில் ஒருவர், வரியைக் குறைப்பார், வம்பு செய்யமாட்டார் என்று நினைத்து நிறுத்தினார்கள். வென்றார்.

அந்தப் பணக்காரர்களே நான்கைந்து ஆண்டுகளில் அவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இயக்குநராக இருந்த வங்கியில் அவருக்கு இடமில்லாமல் போனது. தேவாலயத்தில் அவர் குடும்பத்துக்கென்று இருந்த இருக்கையும் போனது.

இது எப்படி நடந்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. இணையத்தில் தேடினால் ‘உருளைக்கிழங்கு மேயர்’ என்ற ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது. அது அவர் வாழ்க்கையின் ஒரு மூலை என்று நினைக்கிறேன். படித்தவர்கள் எழுதுங்கள்.

#2 சிறுகேள்வி

ஐயா, உருளைக்கிழங்கு மேயர் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதையும் கொஞ்சம் விளக்கிவிட்டு மேலே போங்கள்.

#3 கத்தியும் தோலும்

கிழங்குக்கு வருவதற்கு முன்னால் தோல் வெட்டும் வேலையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் காலணி ஆலையில் வெட்டும் பிரிவில் இருந்தவன் நான்.

ஒரு தோலை மேசையில் விரித்தால் அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இழுபடும். கழுத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சூட்டுக்குறி எல்லாம் ஆங்காங்கே கிடக்கும். காலணியின் முகப்பை முதுகில்தான் வெட்ட வேண்டும். உள்ளே மறையும் துண்டுகளை வயிற்றில் வெட்டலாம். அச்சை எந்தத் திசையில் வைத்தால் தோல் இழுபடாது என்று விரலால் தடவிப் பார்த்தே முடிவு செய்வோம். இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஒரு விரல் அகலம் வீணானாலும் நாள் முடிவில் பல தோல்களாகச் சேர்ந்துவிடும். ஆலையின் லாப நட்டம் தையல்காரர் கையில் இருப்பதைவிட வெட்டுகிறவர் கையில்தான் அதிகம் இருக்கிறது.

இருபது வயதுக்குள் அந்தக் கண்ணைப் பழக்கிக்கொண்ட மனிதர் பிறகு நகர மண்டப நாற்காலியில் உட்கார்ந்து, சாலைக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு என்று வரும் பட்டியல்களைப் பார்க்கும்போது எங்கே துண்டு வீணாகிறது, அது யார் பைக்குப் போகிறது என்று கேட்காமல் இருப்பாரா? ஏரிக்கரைவாசி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அவர் கொள்கை படித்து மாறியவராகத் தெரியவில்லை. பட்டியலைப் படித்து மாறியவராகத் தெரிகிறார்.

#4 பழந்தாள்

நண்பர்களே, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மாலை போட வேண்டாம். நானும் இவரைப் பற்றிப் படித்திருக்கிறேன்.

முதலாளியாக இருந்தபோது இவர் தொழிலாளர் பக்கம் நின்றவரில்லை. 1880களின் நடுவில் ‘தொழிலாளர் வீரர்கள்’ சங்கம் இவருடைய ஆலைக்குள் கால் வைத்தபோது மற்ற முதலாளிகளைப் போலவே எதிர்த்தார். இறுதியில் பேச்சுவார்த்தைக்கு வந்தார், அவ்வளவுதான். 1889 தேர்தலில் ஐரிஷ் மக்களின் மதுக்கடைக்குள் போய் அவர்களோடு விஸ்கி குடித்துக் காட்டி வாக்குக் கேட்டார். இதெல்லாம் எந்த ஊர் அரசியல்வாதியும் செய்வதுதான்.

அடுத்தது, அதிகார ஆசை. 1896இல் மிச்சிகன் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும் மேயர் நாற்காலியை விடவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ளப் பார்த்தார். மாநில உச்ச நீதிமன்றம் 1897இல் கூடாது என்று சொன்ன பிறகுதான் இறங்கினார். நல்லவர் என்பதற்காக இதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

#5 ஏரிக்கரைவாசி

பழந்தாள் ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. அதே முதலாளி 1891 ஏப்ரலில் என்ன செய்தார் என்று பாருங்கள்.

அப்போது டெட்ராய்ட்டில் டிராம் வண்டிகளைத் தனியார் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது. பெரும்பாலும் குதிரை இழுக்கும் வண்டிகள். பல நகரங்கள் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மாறவில்லை. சங்கம் அமைக்க முயன்றவர்களை நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது, வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்கள் மட்டும் அல்ல, ஊரே தெருவில் இறங்கியது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், வண்டிகளை மறித்தார்கள். மாநிலப் படையை வரவழையுங்கள் என்று நிறுவனம் மேயரிடம் கேட்டது. அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லா மேயரும் அதைத்தான் செய்தார்கள். துப்பாக்கி வரும், நாலு பேர் சாவார்கள், வண்டி ஓடும். பிங்க்ரீ மறுத்துவிட்டார். உட்கார்ந்து பேசுங்கள், நடுவர் தீர்ப்புக்கு ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மூன்றே நாளில் நிறுவனம் பணிந்தது.

அதற்குப் பிறகு அதே ஆண்டில் நகர மன்றம் அந்த நிறுவனத்துக்கு முப்பது ஆண்டு உரிமம் கொடுக்கத் தீர்மானித்தது. முப்பது ஆண்டு! பிறந்த குழந்தை வளர்ந்து, தானும் ஒரு குழந்தையைப் பெற்று வளர்க்கும் வரை அந்தத் தெருக்கள் ஒரே கம்பெனியின் கையில் இருந்திருக்கும். பிங்க்ரீ தடை அதிகாரத்தைப் பயன்படுத்தித் தீர்மானத்தைத் திருப்பி அனுப்பினார். மக்களைத் திரட்டினார். கோபத்தோடு வந்த கூட்டத்தைப் பார்த்த உறுப்பினர்கள் பின்வாங்கினார்கள்.

சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைய டெட்ராய்ட்டில் பல தெருக்களில் தேவதாரு மரக்கட்டைகளை மணல்மேல் அடுக்கித் தளம் போட்டிருந்தார்கள். மழைக்கு ஊறி, ஒன்றிரண்டு பருவத்தில் அழுகி, குழி விழுந்துவிடும். உடனே அதே ஒப்பந்தக்காரர் மறுபடி போடுவார். மறுபடி பட்டியல் வரும். பதவியேற்ற கையோடு பிங்க்ரீ கையை வைத்தது இந்த வட்டத்தின் மேல்தான். கத்தியும் தோலும் சொன்ன ‘வீணாகும் துண்டு’ எனக்கு இங்கேதான் கண்ணில் படுகிறது.

தெரு விளக்கிலும் இதே கதைதான். தனியார் நிறுவனம் கேட்ட விலை மற்ற ஊர்களைவிட அதிகம் என்று ஒப்பிட்டுக் காட்டி, நகரமே சொந்தமாக மின் நிலையம் கட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். மக்கள் பெருவாரியாக ஆதரித்தார்கள். 1895இல் நகராட்சி விளக்கு நிலையம் ஓடத் தொடங்கியது. எரிவாயு, தொலைபேசிக் கட்டணங்களும் அவர் கொடுத்த நெருக்கடியால் இறங்கின. ஊர் எல்லையில் விவசாயிகளிடம் சுங்கம் வாங்கிக்கொண்டிருந்த தனியார் சாலைகளையும் ஒழிக்கப் போராடினார்.

#6 சிறுகேள்வி

இவ்வளவு பேரைப் பகைத்துக்கொண்டாரே! இவரைத்தான் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்களா? அப்படி ஒரு மேயரைப் பற்றி எங்கேயோ படித்த நினைவு இருக்கிறது.

#7 பழந்தாள்

இல்லை தம்பி, அது சிக்காகோ மேயர் கார்ட்டர் ஹாரிசன். 1893 அக்டோபர் 28 அன்று, உலகக் கண்காட்சி முடிய இரண்டே நாள் இருக்கையில், பிரெண்டர்காஸ்ட் என்ற மனநிலை தடுமாறிய ஒருவன் வீட்டுக்கே வந்து சுட்டான். தனக்கு நகரில் ஒரு பதவி தரவேண்டியிருக்கிறது என்பது அவன் கற்பனை. பிங்க்ரீ நோயில் இறந்தவர். அதைப் பிறகு பார்க்கலாம். கிழங்கு விஷயத்தை யாராவது சொல்லுங்கள், கேட்டுப் பல மணி நேரமாகிறது.

#8 மலைப்பாத்தி

நான் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவள். இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது வெறும் அரசியல் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. அடுப்பு, ரயில் பெட்டி எல்லாம் செய்துகொண்டிருந்த டெட்ராய்ட்டின் ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பின. போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள்தான் முதலில் வீழ்ந்தன. 1894 ஏப்ரலில் கான்னர்ஸ் கிரீக் பக்கம் குடிநீர்க் குழாய் தோண்டும் வேலையில், நாள்கூலியை விட்டு வெட்டிய மண்ணின் அளவுக்கே கூலி என்று மாற்றியதால் போலந்துத் தொழிலாளர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் வந்தது. உயிர்கள் போயின. நகரின் நிவாரணப் பணமும் தீர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பிங்க்ரீ ஊரைச் சுற்றிக் கிடந்த காலி மனைகளைப் பார்த்தார். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டுவிட்டு, புல் மண்டிக் கிடக்கவிட்ட நிலங்கள். அவற்றை ஒரு பருவத்துக்கு இரவலாகக் கொடுங்கள், வேலையில்லாதவர்கள் பயிர் செய்து பிழைக்கட்டும் என்று உரிமையாளர்களிடம் கேட்டார். கார்னீலியஸ் கார்டனர் என்ற ராணுவ கேப்டன் தலைமையில் குழு அமைத்தார். உழுவதற்கும் விதைக்கும் பணம் வேண்டுமே! தேவாலயங்களில் காணிக்கை திரட்டக் கேட்டார். அத்தனை தேவாலயங்களும் சேர்ந்து கொடுத்தது 13 டாலர் 80 சென்ட். பிங்க்ரீ தன் உயர்சாதிச் சவாரிக் குதிரையை ஏலத்துக்கு விட்டார். அதன் மதிப்பைவிடக் குறைவாகத்தான் போனது, ஆனாலும் ஆரம்பிக்க முடிந்தது.

ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் கேட்டன. முதல் ஆண்டில் 945 குடும்பங்களுக்குத்தான் கொடுக்க முடிந்தது. மொத்தம் 430 ஏக்கர். ஒரு குடும்பத்துக்குக் கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கர் வரை.

ஏன் உருளைக்கிழங்கு? என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். விதைக்கிழங்கை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளைக்கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் காயும்படி ஓரிரு நாள் நிழலில் பரப்பி, பிறகு வெட்டுவாய் கீழே பார்க்க மண்ணில் வைத்தால் போதும். ஒரு கிழங்கு மூன்று, நான்கு செடியாகும். செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைக்க வேண்டும். கையில் ஒரு மண்வெட்டி இருந்தால் குழந்தைகூடச் செய்துவிடும். தாமதமாக நட்டாலும் மூன்று, மூன்றரை மாதத்தில் தோண்டலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பனிக்காலம் முழுக்க நிலவறையில் வைத்துச் சாப்பிடலாம். கீரை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். மிச்சிகன் குளிரில் ஏழைக்கு வேண்டியது ஐந்து மாதம் கெடாத உணவு. கூடவே அவரையும் டர்னிப்பும் போட்டார்கள்.

அந்த ஆண்டு தாமதமாகத்தான் நட்டார்கள், மழையும் சரியில்லை. அப்படியும் 3,600 டாலர் செலவில் 12,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள விளைச்சல் கிடைத்தது. வேலையில்லாதவர்கள் சோம்பேறிகள், நிலம் கொடுத்தாலும் உழமாட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்த செய்தித்தாள்கள் அந்த இலையுதிர் காலத்தில் வாயை மூடிக்கொண்டன. அடுத்த ஆண்டில் 1,500 குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தன. நியூயார்க், பஃபலோ, பாஸ்டன், பிலடெல்ஃபியா என்று பல நகரங்கள் இதைப் பின்பற்றின.

எனக்கு இதில் பிடித்தது, அவர் யாருக்கும் சோறு போடவில்லை என்பதுதான். அந்தப் போலந்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊரில் பயிர் செய்தவை. டெட்ராய்ட்டில் அவர்களிடம் இல்லாமல் போனது நிலம் ஒன்றுதான். அதைக் கையில் கொடுத்தார்.

#9 பழந்தாள்

அம்மா, விதைக்கிழங்கு பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலம் இரவல்தான். பொருளாதாரம் மீண்டதும், மனை விலை ஏறியதும், அந்தப் பாத்திகள் திரும்பப் போய்விட்டன. அந்த 945 குடும்பங்களுக்கு ஒரு அடி நிலம்கூடச் சொந்தமாகவில்லை. சும்மா கிடந்த நிலத்துக்கு யார் உரிமையாளர் என்ற கேள்வியை அவர் தொட்டார், தொட்டதோடு நிறுத்திக்கொண்டார். ‘அது அவர் வாழ்க்கையின் ஒரு மூலை’ என்று ஏரிக்கரைவாசி சொன்னதை இந்த இடத்தில் நானும் ஒப்புக்கொள்கிறேன். நீடித்த வேலை வேறு இடத்தில்தான் நடந்தது.

#10 கணக்குப்பிள்ளை

ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நீடித்த வேலை எது என்று கேட்டால் மூன்று சென்ட் டிக்கெட் என்பேன்.

டெட்ராய்ட்டில் டிராம் கட்டணம் ஐந்து சென்ட். பழைய நிறுவனம் குறைக்க மறுத்தது. நகரின் சொந்த டிராம் வேண்டும் என்பதுதான் பிங்க்ரீயின் ஆசை, சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஒரு போட்டி நிறுவனத்தை உள்ளே கொண்டுவந்தார். 1895இல் அதன் வண்டிகள் ஓடத் தொடங்கின. பகல் நேரத்தில் 25 சென்ட் கொடுத்தால் எட்டு டிக்கெட். பழைய நிறுவனத்தில் அதே 25 சென்டுக்கு ஐந்து பயணம்தான்.

இதைக் குடும்பக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, போக வரப் பன்னிரண்டு பயணம். பழைய கட்டணத்தில் 60 சென்ட், புதியதில் முப்பத்தேழரை சென்ட். வாரத்துக்கு இருபத்திரண்டரை சென்ட் மிச்சம். நாள்கூலி ஒரு டாலருக்குச் சற்று மேல் இருந்த கூலிக்காரருக்கு இது ஆண்டுக்குப் பத்து நாள் கூலி அளவுக்கு வரும். குளிர்காலத்துக்கு ஒரு பிள்ளைக்குப் புதுக் காலணியும் கம்பளிச் சட்டையும் வாங்கிவிடலாம். வரியைக் குறைத்தால் சொத்து உள்ளவருக்கு லாபம். கட்டணத்தைக் குறைத்தால் சொத்து இல்லாதவருக்கு லாபம். நகராட்சியில் இருந்த எங்களுக்கெல்லாம் இந்த வேறுபாடு தெரியும், அதை எழுத்தில் வைக்கத் துணிந்தவர்கள் சிலரே.

இன்னொன்று. 1894 ஆகஸ்டில் பள்ளி வாரியக் கூட்டத்துக்குள் நுழைந்து, கையூட்டு வாங்கிய உறுப்பினர்களை முகத்துக்கு நேரே குற்றம் சாட்டி, விலகச் சொன்னார். கைது ஆணையோடு காவலர்கள் வெளியே காத்திருந்தார்கள். சில உறுப்பினர்கள் அங்கிருந்தே சிறைக்குப் போனார்கள். பள்ளி மேசை நாற்காலி வாங்குவதில் பணம் தின்ற வழக்கு அது. நான் வேலை பார்த்த காலத்தில் பள்ளிப் பெஞ்சு கொள்முதல் கோப்பு ஒன்று என் மேசைக்கு வந்தது. மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே கையெழுத்தில் இருந்தன. குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு திரும்பி வந்தபோது என் குறிப்பு அதில் இல்லை. அன்று என்னால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. அதனால்தான் அந்த ஆகஸ்ட் மாலையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

#11 கத்தியும் தோலும்

கணக்குப்பிள்ளை ஐயா, குறிப்பு எழுதினீர்களே, அதுவே பெரிது.

செய்தித்தாள்கள் இவரை எப்படி நடத்தின என்று யாரும் சொல்லவில்லையே. விளம்பரம் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்ததால் பெரும்பாலான ஏடுகள் அவருடைய வாதத்தை வெளியிடவே இல்லை. அவர் நகர மண்டபத்தில் தானே அறிவிப்புப் பலகை வைத்து, அங்கே எழுதி ஒட்டினார். மக்கள் வந்து நின்று படித்துவிட்டுப் போனார்கள். நான்கு முறை அவரையே மேயராக்கினார்கள்.

#12 சிறுகேள்வி

ஆளுநரான பிறகு என்ன செய்தார்? அங்கேயும் இதே வேகம் இருந்ததா?

#13 பழந்தாள்

வேகம் இருந்தது, பலன் குறைவு. 1897 முதல் 1901 வரை இரண்டு தவணை ஆளுநர். ரயில் நிறுவனங்கள்தான் அவருடைய முதல் இலக்கு. மற்றவர்கள் தங்கள் சொத்தின் மதிப்புக்கு வரி கட்டினார்கள், ரயில் நிறுவனங்கள் மட்டும் வருமானத்தின் ஒரு பங்கைக் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தன. மாநில மேலவையோ ரயில்காரர்களின் பிடியில் இருந்தது. 1899இல் ஒருவழியாக அட்கின்சன் சட்டம் நிறைவேறியது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படியானால் அரசியல் சட்டத்தையே திருத்துவோம் என்று 1900 அக்டோபரில் சிறப்புக் கூட்டம் கூட்டினார். நவம்பரில் மக்கள் வாக்களித்துத் திருத்தத்தை ஏற்றார்கள். ரயில் சொத்தின் மதிப்பு எவ்வளவு என்று கணக்கெடுக்க மிச்சிகன் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் மார்ட்டிமர் கூலியை அமர்த்தினார்கள். தண்டவாளம், பாலம், எஞ்சின் என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்து எண்ணி மதிப்பிட்ட வேலை அது. அதன் பலனைப் பார்க்கும் முன்பே பிங்க்ரீயின் பதவிக்காலம் முடிந்துவிட்டது.

டிராமை நகரமே வாங்க வழி செய்யும் சட்டமும் 1899இல் நீதிமன்றத்தில் விழுந்தது.

கடைசியில் ஒரு கறையும் சேர்ந்தது. மாநிலப் படையின் சீருடைகளைப் பழையவை என்று மலிவாக விற்று, அவற்றையே புதியவை என்று திரும்ப வாங்கிப் பணம் அடித்த ஊழல் அவருடைய ஆட்சியில் வெளியே வந்தது. அவருக்கு நெருக்கமான அதிகாரிகள் சிக்கினார்கள். பதவி விலகும் முன் அவர்களில் இருவருக்கு மன்னிப்பு அளித்துவிட்டுப் போனார். பள்ளி வாரியத்துக்குள் கைது ஆணையோடு போன அதே மனிதர்தான் இதையும் செய்தார். இதை எப்படி ஏற்பீர்கள் ஏரிக்கரைவாசி?

#14 ஏரிக்கரைவாசி

ஏற்கவில்லை ஐயா. அந்த மன்னிப்பு தவறு. மக்கள் பணத்தைத் தின்றவன் மேயரின் எதிரியாக இருந்தால் சிறை, நண்பனாக இருந்தால் மன்னிப்பு என்றால் அது நீதி ஆகாது. அவரை நேசிப்பவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சுற்றி இருந்தவர்களை நம்பிவிட்டார், நம்பியவர்களைக் கைவிட மனம் வரவில்லை என்று விளக்கம் சொல்லலாம். விளக்கம் சொன்னால் தவறு சரியாகிவிடாது.

அதோடு, அவர் கட்டிய அரசியல் பலம் முழுக்க அவரைச் சுற்றியே இருந்தது. மேயர் பதவியை விட்டதும் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் மேபரி வந்தார். பிங்க்ரீயின் வேலையை அதே இடத்திலிருந்து எடுத்துச் செல்லப் பக்குவமான ஓர் ஆள்கூட அவர் அருகில் இருக்கவில்லை. இரண்டு நாற்காலியையும் பிடித்துக்கொள்ள அவர் பார்த்ததற்கு அதிகார ஆசை மட்டும் காரணம் இல்லை, இந்தப் பயமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கமாட்டேன். 1890இல் இரண்டு லட்சம் பேர் இருந்த நகரம் அது. அந்த இரண்டு லட்சம் பேரும் தினமும் நடக்கும் தெரு, ஏறும் வண்டி, இரவில் எரியும் விளக்கு யாருடையது என்ற கேள்வியை மேயர் நாற்காலியில் இருந்துகொண்டு உரக்கக் கேட்டார். 1993இல் வரலாற்றறிஞர்களிடம் அமெரிக்காவின் சிறந்த மேயர்கள் யார் என்று கேட்டபோது இவருக்கு நான்காவது இடம் கொடுத்தார்கள். அந்தச் சீருடை ஊழல் தெரியாமல் அவர்கள் கொடுத்திருக்கமாட்டார்கள்.

#15 மலைப்பாத்தி

எப்படி இறந்தார்?

#16 பழந்தாள்

பதவி முடிந்ததும் ஆப்பிரிக்காவுக்கு யானை வேட்டைக்குப் போனார். திரும்பும் வழியில் குடல் நோய் முற்றி லண்டனில் படுத்தார். 1901 ஜூன் 18 அன்று அங்கேயே ஒரு விடுதியில் இறந்தார். வயது 60. உடலை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே திரண்டு வந்தது. மூன்று ஆண்டுகளில் மக்கள் கொடுத்த நன்கொடையில் அந்தச் சிலை எழுந்தது.

நான் அவரைக் குறை சொல்லித்தான் இந்த இழைக்குள் வந்தேன். குறைகளை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 1891 டிராம் வேலைநிறுத்தத்தைப் பற்றி மறுபடி படித்தேன். படையை அழைக்க மறுத்தது சாதாரணக் காரியம் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் துப்பாக்கிச் சண்டை நடந்து, எட்டாயிரம் படைவீரர்கள் வந்து இறங்கினார்கள்.

#17 கணக்குப்பிள்ளை

டாம் ஜான்சன் கதையைச் சொல்லாமல் இந்த இழையை மூட மனம் வரவில்லை.

பிங்க்ரீ மூன்று சென்டுக்குப் போராடிய காலத்தில் டெட்ராய்ட்டின் பழைய டிராம் நிறுவனத்தை நடத்தியவர் டாம் ஜான்சன். டிராம் தொழிலில் பெரும் பணம் சம்பாதித்த முதலாளி. இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். அதே ஜான்சன் தொழிலை விட்டுவிட்டு, 1901இல் கிளீவ்லாந்து மேயரானார். அங்கே அவர் ஒன்பது ஆண்டுகள் பிடித்த பிடி என்ன தெரியுமா? மூன்று சென்ட் டிராம் கட்டணம். பிறகு, டிராமை நகரமே நடத்த வேண்டும் என்பது. நான்காவது இடம் பிங்க்ரீக்கு என்று ஏரிக்கரைவாசி சொன்னாரே, அதே பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருப்பவர் இந்த ஜான்சன்தான்.

டெட்ராய்ட்டில் அது நடக்க 1922 ஆயிற்று. ஜேம்ஸ் கௌசன்ஸ் மேயராக இருந்தபோது நகரம் டிராம்களை வாங்கியது. பிங்க்ரீ இறந்து இருபத்தோரு ஆண்டுகள்.

#18 சிறுகேள்வி

இப்போது அங்கே டிராம் ஓடுகிறதா?

#19 ஏரிக்கரைவாசி

பழைய டிராம்கள் 1956இல் நின்றுவிட்டன தம்பி. 2017 முதல் உட்வர்ட் அவென்யூவில் மட்டும் ஒரு புதிய தடம் ஓடுகிறது. மூன்று மைல் சொச்சம். பெருந்தொற்றுக்குப் பிறகு மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். கிராண்ட் சர்க்கஸிலும் ஒரு நிறுத்தம் இருக்கிறது. இன்று மாலை அங்கே இறங்கினேன். ஒரு பெண் கையில் காய்கறிப் பையும் இடுப்பில் குழந்தையுமாக வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தார். பையின் வாயில் உருளைக்கிழங்கு தெரிந்தது. மலைப்பாத்தி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.